ரயில் பெட்டிக்குள் அறிவிப்பு: பழைய கம்பி நல்லதா, நெட்வொர்க் நல்லதா?

கேள்வி:

என் கணவருக்குப் பார்வை கிடையாது. நாங்கள் இருவரும் அடிக்கடி ரயிலில் போகிறவர்கள். ஸ்டேஷன் பெயர்ப் பலகையோ, பெட்டிக்குள் ஓடும் எழுத்தோ அவருக்குப் பயன்படாது. ஸ்பீக்கரில் வரும் குரல் ஒன்றுதான் துணை. போன மாதம் புது வகை ரயில் ஒன்றில் வந்துகொண்டிருந்தோம். நடுவழியில் இருட்டில் வண்டி நின்றுவிட்டது. பக்கத்துப் பெட்டியில் ஏதோ அறிவிப்பு கேட்டது. எங்கள் பெட்டி ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. ஊழியரிடம் கேட்டதற்கு, "நெட்வொர்க் போயிடுச்சும்மா, வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் கொழுந்தன் மின்சார வேலை பார்க்கிறவர். "இதையெல்லாம் நெட்வொர்க்கில் போட்டதே தப்பு அண்ணி. ரெண்டு கம்பி இழுத்து ஒரு ஆம்ப்ளிஃபையர் வெச்சா ஆயுசுக்கும் ஓடும். வைஃபை போற லைன்லயே ஆபத்து அறிவிப்பையும் விட்டா, ஒருநாள் எல்லாம் சேர்ந்து படுத்துடும்" என்கிறார். அவர் சொல்வது சரியா? வெளியாள் யாராவது உள்ளே புகுந்து பொய் அறிவிப்பு கொடுத்துவிட முடியாதா? கதவருகே இருக்கும் பேசும் பொத்தானை எங்களைப் போன்றவர்கள் எப்போது அழுத்தலாம்?

ஒரு வாசகி, விழுப்புரம்

பதில் (ரயில் மின்னணுக் கருவிகள் துறைப் பொறியாளர்):

உங்கள் கொழுந்தனாரின் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். மின்சார வேலை தெரிந்த யாருக்கும் முதலில் எழும் சந்தேகம் அது. ஆனால் அவர் சொல்லும் தீர்வை ஏற்க முடியவில்லை. அறிவிப்பு, எச்சரிக்கை ஒலி, பயணி பேசும் கருவி ஆகிய மூன்றும் நெட்வொர்க்கில் இருப்பதுதான் நல்லது; கதவு ஒலிக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு என்னிடம் இருக்கும் முதல் காரணம் இது: ஒரு ஸ்பீக்கர் செத்துக் கிடக்கிறது என்பதை, அது தேவைப்படுவதற்கு முன்பே நெட்வொர்க்கால் சொல்ல முடியும். பழைய கம்பியால் முடியாது.

உங்கள் பெட்டியில் நடந்ததில் எனக்குப் பெரிய குறையாகப் படுவதும் அதுதான். கருவி என்று இருந்தால் பழுதாகத்தான் செய்யும். ஆனால் அந்த ஸ்பீக்கர் வேலை செய்யவில்லை என்பது வண்டி இருட்டில் நின்ற பிறகு உங்கள் காதுக்குத்தான் முதலில் தெரிந்தது. ஓட்டுநரின் திரையிலும் பணிமனையின் பதிவிலும் அது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்த பிறகு யாராவது அதைச் சரிசெய்திருக்கவும் வேண்டும்.

பழைய கம்பியின் கதை

ஐரோப்பிய ரயில்களில் பல பத்தாண்டுகளாக இந்த வேலையைச் செய்தது யு.ஐ.சி. 568 என்ற 13 கம்பிக் கேபிள். பெட்டிக்குப் பெட்டி சொருகி இணைப்பார்கள். ஒலிபெருக்கி, ஊழியர்களின் உள் தொலைபேசி, விளக்குகளை அணைத்து ஏற்றும் கட்டளை, கதவு மூடும் கட்டளை எல்லாம் அந்தக் கம்பிகளுக்குள் பங்கிடப்பட்டிருந்தன. கார்டு மைக்கில் பேசினால், அவர் குரலின் ஏற்ற இறக்கம் அப்படியே மின் அழுத்தமாக வண்டியின் நீளத்துக்கும் ஓடும். ஒவ்வொரு பெட்டியிலும் இருக்கும் ஆம்ப்ளிஃபையர் அதைப் பெருக்கி ஸ்பீக்கருக்குக் கொடுக்கும்.

எளிமையான ஏற்பாடு. பழுது பார்ப்பதும் சுலபம். உங்கள் கொழுந்தனார் இதைத்தான் நினைத்துப் பேசுகிறார். ஆனால் ஏழாவது பெட்டிக்கும் எட்டாவது பெட்டிக்கும் நடுவே ஒரு சொருகியில் களிம்பு ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டாவது பெட்டியிலிருந்து கடைசிவரை நிசப்தம். முன்னால் பேசுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. தான் பேசியது எல்லாருக்கும் கேட்டுவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருப்பார். வண்டி நீள நீள மோட்டார் இரைச்சலும் விளக்குகளின் ரீங்காரமும் கம்பியில் ஏறி, குரலைக் கரகரப்பாக்கும். ஒரு பெட்டிக்கு மட்டும் பேச வழியில்லை. பயணி ஒருவர் பொத்தானை அழுத்தினால் எந்தப் பெட்டி, எந்தக் கதவு என்று தெரிந்துகொள்ள அதற்கென்று தனியாகக் கம்பி வேண்டும்.

இப்படிப்பட்ட அமைப்பைச் சோதிக்க ஒரே வழி, பணிமனையில் ஒருவர் மைக்கில் பேச, இன்னொருவர் ஒவ்வொரு ஸ்பீக்கருக்குக் கீழும் நின்று கேட்டுக்கொண்டே போவதுதான். நாள்தோறும் அதை ஒழுங்காகச் செய்ய எந்தப் பணிமனைக்கும் நேரம் இருக்காது.

ஒரு குரல் பெட்டிக்குப் பெட்டி போவது எப்படி?

நெட்வொர்க்கில் நடப்பதை ஓட்டுநர் வாய் திறக்கும் நொடியிலிருந்து பார்ப்போம். மைக்கில் விழும் குரலைக் கருவி நொடிக்கு 8,000 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. தொலைபேசித் துறை பல காலமாகப் பயன்படுத்தும் ஜி.711 முறை இது. 20 மில்லிவினாடிக்கு ஒருமுறை 160 பைட் குரலை ஒரு பொட்டலமாகக் கட்டி, வரிசை எண்ணும் நேர முத்திரையும் இட்டு அனுப்புகிறது. ஒரு நொடிக்கு 50 பொட்டலங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனித்தனியாக அனுப்ப வேண்டியதில்லை. ஒரு குழு முகவரிக்கு ஒருமுறை அனுப்பினால் போதும். அந்தக் குழுவில் சேர்ந்திருக்கும் எல்லா ஸ்பீக்கர்களும் எடுத்துக்கொள்ளும். ஐந்தாவது பெட்டிக்கு மட்டும் பேச வேண்டுமென்றால் ஐந்தாவது பெட்டியின் குழுவுக்கு அனுப்பினால் ஆயிற்று.

தலைப்புத் தகவல்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு குரலுக்கு நொடிக்கு 90 கிலோபிட்டுக்கும் குறைவாகத்தான் தேவை. ரயில் முழுக்க ஓடும் முதுகெலும்பு ஈதர்நெட்டுக்கு ஐ.இ.சி. 61375 தரநிலைத் தொடர் வகுத்த வேகம் 100 மெகாபிட். அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இந்தக் குரலுக்குச் செலவாகாது. ஆகவே லைனில் இடம் போதாமல் குரல் நின்றுவிடும் என்ற பயம் வேண்டாம். பயப்பட வேண்டியது வேறு இடங்களில் இருக்கிறது, அவற்றுக்கு வருகிறேன்.

வண்டியைச் சேர்த்துப் பிரிக்கும்போது நடப்பதையும் சொல்ல வேண்டும். இரண்டு தொடர்களை இணைத்தவுடன் ஒவ்வொரு பெட்டித் தொகுப்பிலும் நெட்வொர்க் லைன்களை இணைக்கும் ஸ்விட்ச் தன் பக்கத்து ஸ்விட்சை அடையாளம் கண்டுகொள்கிறது. யார் முதல், யார் கடைசி, வண்டி எந்தத் திசையில் போகப்போகிறது, எது இடம், எது வலம் என்பதெல்லாம் அப்போது தானாக முடிவாகிறது. வண்டி திரும்பி ஓடும்போது காலையில் இடப்பக்கமாக இருந்த கதவுகள் மாலையில் வலப்பக்கமாகிவிடும். "இடப்பக்கக் கதவு திறக்கும்" என்ற அறிவிப்பு சரியாக வர வேண்டுமென்றால் இந்தக் கணக்கு தப்பக் கூடாது. மற்றவர்களுக்கு அது ஒரு தகவல். உங்கள் கணவர் அந்தச் சொல்லை நம்பித்தான் காலெடுத்து வைக்கிறார்.

குரல் புரிய வேண்டும்

சத்தமாகக் கேட்பது வேறு, புரிவது வேறு. ஊர்த் திருவிழாவில் தெரு முழுக்கக் கட்டிய குழாய் ஸ்பீக்கர்களை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் ஒரே அறிவிப்புதான். ஆனாலும் நடுத்தெருவில் நின்றால் ஒன்றும் விளங்காது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. தூரத்து ஸ்பீக்கரின் ஒலி பிந்தி வருகிறது. ஒரே சொல் சுமார் 30 மில்லிவினாடிக்குள் இரண்டுமுறை வந்தால் காது அதை ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளும். அதற்கு மேல் பிந்தினால் எதிரொலியாகிவிடும்.

ரயிலில் இந்தச் சிக்கல் தூரத்தால் மட்டும் வருவதில்லை. ஒவ்வொரு ஸ்பீக்கரும் பொட்டலங்களைக் கொஞ்சம் சேர்த்துவைத்த பிறகே ஒலிக்கத் தொடங்கும். ஒன்று 40 மில்லிவினாடி காத்திருந்து, பக்கத்தில் இருப்பது 80 மில்லிவினாடி காத்திருந்தால், இரண்டு பெட்டிகள் சேரும் திறந்த நடைபாதையில் நிற்பவருக்கு எல்லாம் இரட்டையாகக் கேட்கும். மெட்ரோ ரயில்களில் பெட்டிகளுக்கு இடையே கதவே இல்லை என்பதால் அங்கே இது இன்னும் பெரிய தொல்லை. இதைத் தவிர்க்க எல்லாக் கருவிகளின் கடிகாரத்தையும் நெட்வொர்க் வழியாகவே ஒன்றாக்கி, "இந்தப் பொட்டலத்தை இந்தக் கணத்தில் ஒலி" என்று கட்டளையிட வேண்டும். கருவி வாங்க விலைப்புள்ளி கேட்கும்போது பலர் எழுதாமல் விட்டுவிடும் நிபந்தனை இது.

குரலின் தரமும் முக்கியம். ஜி.711 முறையில் 3,400 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள ஒலி வெட்டுப்பட்டுவிடுகிறது. ச, ஸ, ஷ போன்ற ஒலிகளின் கூர்மை இருப்பதே அதற்கு மேல்தான். 7,000 ஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகும் ஜி.722 முறை 1988 முதலே இருக்கிறது. ஊர்ப்பெயர் தெளிவாக விழ அதுவே ஏற்றது. வண்டி நிற்கும்போதும் ஓடும்போதும் இரைச்சல் வேறுபடுவதால், சிறு மைக் ஒன்று பெட்டியின் இரைச்சலை அளந்து ஸ்பீக்கரின் ஒலியைத் தானாகக் கூட்டிக் குறைக்கவும் வேண்டும்.

இந்த விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் எழுதிவைத்திருக்கும் விதி பார்க்கத் தக்கது. மாற்றுத்திறனாளிகளுக்கான 1300/2014 என்ற ஒழுங்குமுறை, பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதை 0 முதல் 1 வரையிலான அளவில் அளந்து, குறைந்தது 0.45 இருக்க வேண்டும் என்கிறது. கதவு ஒலிகளையும் வரையறுக்கிறது. கதவு திறக்கலாம் என்பதற்கு 2,200, 1,760 ஹெர்ட்ஸ் கொண்ட இரண்டு சுரங்கள் மெதுவாக மாறி மாறி வர வேண்டும். மூடப்போகிறது என்பதற்கு 1,900 ஹெர்ட்ஸில் ஒரே சுரம், நொடிக்கு 6 முதல் 10 துடிப்பு வேகத்தில். ஊழியரோ கருவியோ கதவை மூடும்போது, மூடத் தொடங்குவதற்குக் குறைந்தது 2 நொடி முன்பே அந்த ஒலி வந்துவிட வேண்டும். பார்வையற்ற ஒருவர் எந்த நாட்டு ரயிலில் ஏறினாலும் ஒரே ஒலி ஒரே பொருளைத் தர வேண்டும் என்பது இதன் நோக்கம். நம் ரயில்களுக்கும் இப்படி நாடு முழுவதும் ஒரே ஒலி வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒன்று போனால் எல்லாம் போகக் கூடாது

இப்போது கொழுந்தனாரின் முக்கியமான கேள்விக்கு வருவோம். நெட்வொர்க் படுத்துவிட்டால்?

ஐரோப்பிய ரயில் விதிகள் இதற்கு நேரடியாகவே பதில் வைத்திருக்கின்றன. ஒலியைக் கடத்தும் ஒரு பாகம் பழுதானாலும் வண்டி முழுக்கப் பரவலாகக் குறைந்தது பாதி ஸ்பீக்கர்கள் பேச வேண்டும். முடியாவிட்டால் பயணிகளுக்குச் செய்தி சொல்ல வேறு வழி இருக்க வேண்டும். மேலிருந்து வரும் மின்சாரம் போனாலும் குறைந்தது 3 மணி நேரம் இந்த அமைப்பு பேசத் தயாராக இருக்க வேண்டும்.

இதை வடிவமைப்பில் எப்படிக் கொண்டுவருவது? ஒரு பெட்டியில் எட்டு ஸ்பீக்கர்கள் இருந்தால் ஒன்று விட்டு ஒன்றாக இரண்டு ஆம்ப்ளிஃபையர்களில் பிரித்துக் கொடுக்க வேண்டும். அந்த இரண்டையும் இரண்டு வெவ்வேறு ஸ்விட்சுகளில் இணைக்க வேண்டும். எது போனாலும் மற்றது பெட்டியின் முழு நீளத்துக்கும் பேசும். பெட்டிக்குள் ஸ்விட்சுகளை வளையமாகக் கட்டினால், ஓரிடத்தில் கேபிள் அறுந்தாலும் மறுபக்கமாகச் சுற்றிவந்து செய்தி சேரும். பெட்டிகளுக்கு இடையே இரண்டு லைன்கள் ஓட வேண்டும். ஒரு பெட்டியின் ஸ்விட்ச் மின்சாரம் இல்லாமல் அணைந்துவிட்டால் அதற்குள் இருக்கும் ரிலே தானாக மூடி, வருவதை அப்படியே அடுத்த பெட்டிக்குக் கடத்திவிடும். களிம்பு ஏறிய ஒரு சொருகி பாதி வண்டியை ஊமையாக்கிய பழைய நிலைமைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கொழுந்தனாரிடம் காட்டுங்கள்.

கதவு எச்சரிக்கை ஒலியை மட்டும் நெட்வொர்க்கை நம்பி விடக் கூடாது. அந்த ஒலி கதவருகே இருக்கும் கருவியின் நினைவகத்திலேயே இருக்க வேண்டும். கதவின் கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து நேரடிக் கம்பியில் கட்டளை வர வேண்டும். இந்த ஓரிடத்தில் கொழுந்தனார் சொல்வது முழுக்கச் சரி.

வீட்டிலும் அலுவலகத்திலும் ஓடும் நெட்வொர்க் கருவியை அப்படியே ரயிலில் மாட்ட முடியாது. கம்ப்யூட்டரில் நாம் சொருகும் பிளாஸ்டிக் கொக்கி வைத்த இணைப்பு ரயிலின் அதிர்வில் நாளடைவில் தளர்ந்துவிடும். ரயிலுக்கு எம்12 என்ற உருண்டையான, திருகி இறுக்கும் உலோக இணைப்பு. நம் பெட்டிகளில் இருப்பது 110 வோல்ட் நேர்மின்சாரம். பேட்டரி இறங்கினாலும் சார்ஜர் ஏற்றினாலும் 77 வோல்ட்டிலிருந்து 137.5 வோல்ட் வரை எது வந்தாலும் கருவி தொடர்ந்து ஓட வேண்டும் என்கிறது இ.என். 50155 தரநிலை. அதிலேயே ஒரு வகைக் கருவிகளுக்கு 70 டிகிரி வெப்பம் வரை தாங்கும் தகுதி கேட்கப்படுகிறது. சித்திரை வெயிலில் கூரைக்கும் உள் தகட்டுக்கும் இடையே கருவி படும் பாட்டை நினைத்தால் அது அதிகமில்லை. தீப்பிடித்தால் நச்சுப்புகை கக்காத பொருளால் செய்ய வேண்டும் என்பதற்கு இ.என். 45545, அதிர்வுக்கு இ.என். 61373 என்று தனித்தனித் தரநிலைகள் உண்டு. மலிவான கருவிக்கு இந்தச் சான்றுகள் இருக்காது. பல பழுதுகளின் வேர் அங்கேதான்.

கடைசியாக, நான் தொடக்கத்தில் சொன்ன சுயசோதனை. வண்டி கிளம்பும் முன் ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையரும் தன் ஸ்பீக்கர் கம்பியின் மின்தடையை அளந்து, அறுந்திருக்கிறதா, ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துவிடும். பேசும் கருவி தன் ஸ்பீக்கரில் ஒரு சிறு சுரத்தை எழுப்பி, தன் மைக்காலேயே கேட்டுப் பார்க்கும். சுரம் திரும்பி வராவிட்டால், "பெட்டி 9, கதவு 2, ஒலி இல்லை" என்று ஓட்டுநர் திரையில் ஒரு வரி வந்துவிடும். நெட்வொர்க் நமக்குத் தரும் பெரிய கொடை இந்த ஒரு வரிதான். அதைப் படித்துச் செயல்பட ஒருவரைப் பொறுப்பாக்காவிட்டால் எவ்வளவு செலவு செய்தும் வீண்.

வெளியாள் புகுந்துவிட்டால்?

பயணிகளின் வைஃபை, சினிமா ஆகியவையும் அறிவிப்பும் ஒரே நெட்வொர்க்கில் கலந்திருந்தால் அது வடிவமைப்பின் பிழை. தனித் தனிப் பிரிவுகளாகப் பிரித்து, இடையே காவல் வைத்து, அறிவிப்புப் பொட்டலங்களுக்கே முதல் வழி விட வேண்டும். முடிந்தால் கேபிளும் ஸ்விட்சும்கூடத் தனியாக இருப்பது மேல். ரயில் துறைக்கென்றே கணினிப் பாதுகாப்பு வழிகாட்டியாக டி.எஸ். 50701 என்ற ஐரோப்பிய ஆவணம் 2021இல் வந்தது.

பழைய தொழில்நுட்பம்தான் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு 2023இல் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்வேன். அந்த ஆண்டு ஆகஸ்டில் போலந்தின் வடமேற்கில், ஷ்செச்சின் நகரை ஒட்டிய பகுதியில் சுமார் 20 ரயில்கள் திடீரென்று நின்றன. அங்கே வானொலியில் மூன்று சுரங்கள் வரிசையாகக் கேட்டால் ரயில் தானாக நிற்கும் பழைய அனலாக் ஏற்பாடு இருந்தது. ரகசியக் குறியீடு ஏதும் கிடையாது. சாதாரண வானொலிக் கருவி வைத்திருந்த யாரோ அந்தச் சுரங்களை ஒலிபரப்பிவிட்டார்கள். அதே ஆண்டு மே மாதம் ஆஸ்திரியாவில் வியன்னா செல்லும் ரயில் ஒன்றின் ஒலிபெருக்கியில் ஹிட்லரின் பேச்சு ஒலித்தது. செய்தவர்கள் கணினியை உடைத்து நுழையவில்லை. ஊழியர்களுக்கான சாவி அவர்களிடம் இருந்தது. பெட்டியிலிருந்த மைக் இணைப்பைத் திறந்து பேச்சை ஒலிக்கவிட்டார்கள்.

முதல் நிகழ்ச்சியில் குறை, அனுப்புபவர் யார் என்று கேட்காத பழைய முறை. இரண்டாவதில் குறை, எல்லார் கையிலும் போகக்கூடிய ஒரே மாதிரியான சாவி. நெட்வொர்க்கில் பேசுகிறவர் தன்னை நிரூபித்த பிறகே குரல் ஏறும்படி செய்யலாம். யார், எந்த மைக்கிலிருந்து, எத்தனை மணிக்குப் பேசினார் என்று பதிவும் வைக்கலாம். அதோடு மைக் பெட்டிக்கு நல்ல பூட்டும் போட வேண்டும்.

கருவி பேசினால் போதாது, சொல்வதும் சரியாக இருக்க வேண்டும்

2003 பிப்ரவரி 18. தென்கொரியாவின் தேகு நகரில் சுரங்க ரயில் ஒன்றுக்கு ஒருவர் தீவைத்தார். எதிர்த்திசையில் வந்த இன்னொரு ரயில் அது நின்ற நிலையத்திலேயே வந்து நின்றது, மின்சாரம் போய்விட்டது. இரண்டாவது ரயிலின் ஓட்டுநர் பயணிகளைப் பெட்டிக்குள்ளேயே இருக்கும்படி அறிவித்தார். பிறகு வண்டியின் சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். பல கதவுகள் மூடியே கிடந்தன. மொத்தம் 192 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் அந்த இரண்டாவது ரயிலில் இருந்தவர்கள். ஒலிபெருக்கி அங்கே வேலை செய்தது. அது சொன்ன செய்தி ஆளைக் கொன்றது.

இதற்கு எதிர்மாறான துயரம் நம் நாட்டில் நடந்தது. 2025 ஜனவரி 22 அன்று மகாராஷ்டிராவின் ஜல்காவ் மாவட்டத்தில், மும்பைக்குப் போய்க்கொண்டிருந்த புஷ்பக் எக்ஸ்பிரஸில் தீப்பிடித்துவிட்டதாக வதந்தி பரவியது. சங்கிலியை இழுத்து வண்டியை நிறுத்தினார்கள். பயந்து பக்கத்துத் தண்டவாளத்தில் இறங்கியவர்கள் மீது எதிரே வந்த கர்நாடகா எக்ஸ்பிரஸ் மோதியது. குறைந்தது 12 பேர் உயிரிழந்தார்கள். நம் சாதாரண விரைவு ரயில்களில் பெரும்பாலானவற்றில் பெட்டிக்குள் ஒலிபெருக்கி அமைப்பே கிடையாது. "தீ இல்லை, யாரும் இறங்காதீர்கள்" என்று சொல்ல வழியும் கிடையாது.

ஆகவே ஆபத்துக்கான வாசகங்களை நிதானமான நேரத்தில் உட்கார்ந்து எழுதி, பயிற்சி பெற்ற குரலில் பதிந்து, கருவிக்குள் முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். ஓட்டுநருக்கு அந்தப் பகுதியின் மொழி தெரியாமல் இருக்கலாம். பொத்தான் ஒன்றை அழுத்தினால் தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் வர வேண்டும். தமிழ்நாட்டில் ஓடும்போது தமிழில் முதலில் வர வேண்டும். அதே செய்தி திரையில் எழுத்தாகவும் ஓட வேண்டும். காது கேளாதவருக்கு அந்த எழுத்து எப்படியோ, உங்கள் கணவருக்கு இந்தக் குரல் அப்படி. "எதையும் தொடாதீர்கள், காத்திருங்கள்" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், ஏன் நிற்கிறோம், அடுத்த அறிவிப்பு எப்போது வரும் என்பதையும் சொல்ல வேண்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு வார்த்தை வந்தால் போதும், வதந்திக்கு இடமிருக்காது.

பேசும் பொத்தானை எப்போது அழுத்தலாம்?

2019 பிப்ரவரியில் புது டெல்லிக்கும் வாரணாசிக்கும் இடையே ஓடத் தொடங்கிய முதல் வந்தே பாரத் ரயில் சென்னை பெரம்பூரின் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் உருவானது. அதில் பயணி நேராக ஓட்டுநரோடு பேசும் கருவி வைத்தார்கள். மெட்ரோ ரயில்களிலும் அது உண்டு. கதவருகே ஒரு பொத்தான், சிறு விளக்கு, துளையிட்ட தகட்டுக்குப் பின்னால் மைக்கும் ஸ்பீக்கரும் இருக்கும். அழுத்தினால் ஓட்டுநர் மேசையில் மணி அடிக்கும். எந்தப் பெட்டி, எந்தக் கதவு என்று திரையில் விழும். கேமரா இணைத்திருந்தால் அந்த இடத்தின் காட்சியும் வரும்.

புகை, தீ, கதவில் சிக்கிய ஆள், மயங்கி விழுந்தவர், தாக்குதல், கேட்பாரற்ற பை இவற்றுக்குத் தயங்காமல் அழுத்துங்கள். நம் ரயிலில் சங்கிலியை இழுத்தால் பிரேக் பிடித்து வண்டி நின்றுவிடும். பாலத்திலோ சுரங்கத்திலோ நின்றுவிட்டால் உதவி வருவது கடினம். அதனால் பேசும் கருவி இருக்கும் வண்டியில், ஆள் இழுபடுவது போன்ற நொடிப்பொழுது ஆபத்து தவிர மற்றவற்றுக்கு முதலில் பேசுங்கள். பெட்டி எண், என்ன நடக்கிறது, எத்தனை பேருக்கு ஆபத்து என்ற மூன்றையும் முதல் மூச்சில் சொல்லிவிடுங்கள். அவர் பதில் சொல்லும்வரை அங்கேயே நில்லுங்கள். சாப்பாடு, ஏ.சி., கழிப்பறை பற்றிய புகாருக்கு இந்தப் பொத்தான் வேண்டாம். அதற்கு 139 என்ற உதவி எண் இருக்கிறது.

வண்டியில் ஏறியதும் உங்கள் கணவரின் கையைப் பிடித்து அந்தக் கருவியைத் தொட்டுக் காட்டுங்கள். இருக்கையிலிருந்து எத்தனை வரிசை, எந்தப் பக்கம் என்று அவர் எண்ணி வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்திலும் அவரால் அங்கே போய்ச் சேர முடியும்.

சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு ஓட்டுநர் இல்லா ரயில்கள் வருகின்றன. முதல் ரயில் 2024 அக்டோபரில் பூந்தமல்லி பணிமனைக்கு வந்து சேர்ந்தது. அப்படிப்பட்ட வண்டியில் இருக்கும் பயணிக்கும் வெளியே இருக்கும் மனிதருக்கும் இடையே உள்ள உறவு இந்தக் குரல் ஒன்றுதான். பொத்தானை அழுத்தினால் குரல் வானொலி வழியாகக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய், அங்கிருப்பவரின் பதில் திரும்பி வர வேண்டும். அங்கே ஒரு ஸ்பீக்கர் ஊமையாக இருப்பதைச் சின்னக் குறை என்று யாரும் எழுதிவிட முடியாது.

ஒரு ரயில் பெட்டி 25 முதல் 35 ஆண்டு ஓடும். இன்று மாட்டும் கருவிக்கு 15 ஆண்டு கழித்து உதிரிபாகம் கிடைக்க வேண்டும். ஒரே நிறுவனத்தின் மூடிய முறையை வாங்கினால் அவர்கள் கடையை மூடும் நாளில் வண்டியும் ஊமையாகும். எல்லாரும் செய்யக்கூடிய பொதுத் தரத்தில் வாங்குவதுதான் நெட்வொர்க்கை உண்மையில் "ஆயுசுக்கும் ஓட" வைக்கும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை உங்கள் பெட்டியில் ஸ்பீக்கர் பேசவில்லை என்றால் "வந்துடும்" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். வண்டி எண், பெட்டி எண், நேரம் குறித்து, 139இலோ ரயில் மதத் செயலியிலோ புகார் பதியுங்கள். "அறிவிப்பு கேட்கவில்லை" என்பதோடு "பார்வையற்ற பயணி இருந்தார், இது பாதுகாப்புக் குறை" என்றும் எழுதுங்கள். பேசாத ஸ்பீக்கரை, பிடிக்காத பிரேக்கைப் போலவே பாதுகாப்புக் குறையாகப் பதிய வேண்டும். வண்டி அடுத்த பயணத்துக்குக் கிளம்பும் முன் அதைச் சரிசெய்தே ஆக வேண்டும்.